குறைந்த பட்ஜெட்டில் லேப்டாப்: மலிவான புதுசா, ரீஃபர்பிஷ்டா, செகண்ட் ஹேண்டா?

கையில் இருக்கும் பணம் ஒன்றுதான். அந்தப் பணத்துக்கு மூன்று விதமான லேப்டாப் கிடைக்கிறது. முதலாவது, பெட்டி பிரிக்காத புது மாடல்களில் ஆக மலிவானது. இரண்டாவது, ஏதோ ஒரு நிறுவனம் மூன்று நான்கு வருடம் ஓட்டிவிட்டுக் கழித்ததை வாங்கிச் சரிபார்த்து விற்கும் ரீஃபர்பிஷ்ட் பிசினஸ் மாடல். மூன்றாவது, தனி ஆள் ஒருவரிடமிருந்து நேரே வாங்கும் செகண்ட் ஹேண்ட். எழுத்து வேலை, பிரவுசர், வீடியோ கால், எக்செல், கொஞ்சம் கோடிங் என்ற பொதுவான பயன்பாட்டை மனதில் வைத்து மூன்றையும் எடைபோடுகிறோம். கேமிங்கும் வீடியோ எடிட்டிங்கும் வேறு கணக்கு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். புது லேப்டாப்களின் அடிமட்ட விலைதான் உங்கள் உச்ச வரம்பு என்றால் புதுசு வேண்டாம், ரீஃபர்பிஷ்ட் பிசினஸ் மாடலுக்குப் போங்கள். அதற்கு ஒரு படி மேலே செலவழிக்க முடிந்தால் புதுசு முந்திவிடும். தனி ஆளிடம் வாங்குவதில்தான் விலை மிகக் குறைவு. ஆனால் மெஷினைக் கையில் எடுத்து அரை மணி நேரம் சோதிக்க முடியாத இடத்தில் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அடிமட்டப் புதுசில் எங்கெல்லாம் கத்தி விழுகிறது

விலையை இறக்கவேண்டும் என்றால் உற்பத்தியாளர் கைவைப்பது நான்கு இடங்களில்: பிராசசர், ஸ்டோரேஜ், ரேம், திரை. இவற்றில் ஸ்டோரேஜ்தான் மோசம். ஆக மலிவான மாடல்களில் எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகத்துக்குப் பதில் ஈஎம்எம்சி என்ற சிப்பை மதர்போர்டிலேயே சால்டர் செய்திருப்பார்கள், அதாவது கழற்ற முடியாதபடி பற்றவைத்திருப்பார்கள். அதன் வேகம் அதிகபட்சம் நொடிக்கு 400 எம்பி. எஸ்எஸ்டியில் பழைய வகையான சாட்டா 550 எம்பியைத் தொடும், புதிய வகையான என்விஎம்இ பல ஆயிரத்தில் ஓடும். வேகத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இடம்தான் பெரிய தலைவலி. விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்ச ஸ்டோரேஜே 64 ஜிபி. 64 ஜிபி ஈஎம்எம்சி உள்ள மெஷினில் சில மாதங்களிலேயே பெரிய அப்டேட்டுகள் இடமில்லாமல் பாதியில் நிற்கும். அந்தச் சிப் தேய்ந்துபோனால் தனியாக மாற்ற வழியில்லை, மதர்போர்டையே மாற்றவேண்டும்.

ரேமும் இதே கதைதான். 4 ஜிபி என்பது விண்டோஸ் 11 வாய்திறக்கத் தேவையான அளவு, வேலை செய்யத் தேவையான அளவு அல்ல. அதுவும் சால்டர் செய்யப்பட்டு, கூடுதல் ஸ்லாட் இல்லாமல் வந்தால் அந்த லேப்டாப் வாங்கிய அன்றைக்கே பழசு.

பிராசசரில் பெயரைப் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது. செலரான் என்4020 என்பது 2019இல் வந்த, இரண்டு கோர் (வேலையைச் செய்யும் பகுதி) மட்டுமே உள்ள சிப். வீடியோ கால் ஓடிக்கொண்டிருக்கும்போது நாலைந்து டேப் திறந்தால் மூச்சு வாங்கும். 2023இல் வந்த இன்டெல் என்100 அப்படி அல்ல. நான்கு கோர், 6 வாட் மின்சாரம்தான் அதன் கணக்கு. பொதுவான வேலைகளில் இன்டெல்லின் பழைய எட்டாம் தலைமுறை ஐ5 சிப்புக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. என்100, 8 ஜிபி ரேம், மாற்றக்கூடிய எஸ்எஸ்டி ஆகிய மூன்றும் சேர்ந்து கிடைத்தால் அடிமட்டத்திலும் அது நியாயமான புது லேப்டாப். மூன்றில் ஒன்று குறைந்தாலும் விட்டுவிடுங்கள்.

திரையில் 1366×768 டிஎன் பேனல் (குறைந்த புள்ளிகள் கொண்ட மலிவு வகைத் திரை) என்று இருந்தால் ஒதுக்குங்கள். பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தாலே நிறம் மாறும், ஒரு எக்செல் ஷீட்டின் பாதி வெளியே நிற்கும்.

ஒரு படி மேலே: ஒரே எண் மாறினால் போதும்

பட்ஜெட் கொஞ்சம் ஏறினால் வரும் புது மாடல்களில் ஒரு பொறி இருக்கிறது. ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு என்ற சிப்கள் இரண்டும் காகிதத்தில் அண்ணன் தம்பி போலத் தெரியும். 7520யு என்பது நான்கு கோர் கொண்ட பழைய ஜென் 2 வடிவமைப்பு. 7530யு என்பது ஆறு கோர் கொண்ட ஜென் 3. ஏஎம்டியின் 7000 வரிசை லேப்டாப் சிப்களில் மூன்றாவது இலக்கம்தான் வடிவமைப்பைச் சொல்கிறது, முதல் இலக்கம் மாடல் வருடத்தை மட்டுமே காட்டும். 7520யு ஏற்பது எல்பிடிடிஆர்5 என்ற, பலகையில் பற்றவைத்து வரும் ரேம் மட்டும். ஆகவே அதில் ரேம் எப்போதும் சால்டர்தான், 8 ஜிபியில் வாங்கினால் கடைசிவரை 8 ஜிபி. விலை வித்தியாசம் தாங்கக்கூடியதாக இருந்தால் 7530யுவை எடுங்கள். இந்த இடத்தில் ரீஃபர்பிஷ்டைத் தேடி அலையத் தேவையில்லை.

ரீஃபர்பிஷ்ட்: எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்காதீர்கள்

பெரிய நிறுவனங்கள் லேப்டாப்களைக் குத்தகைக்கு எடுத்து, தவணை முடிந்ததும் மொத்தமாகக் கழிக்கின்றன. லெனோவோவின் திங்க்பேட், டெல்லின் லாட்டிட்யூட், எச்பியின் எலைட்புக் வரிசைகள் சந்தையில் குவிவது அதனால்தான். இவை பிரித்து ரிப்பேர் செய்வதை எதிர்பார்த்தே கட்டப்பட்டவை. எந்த ஸ்க்ரூ எங்கே, எந்த வரிசையில் கழற்றுவது என்ற சர்வீஸ் மேனுவலை லெனோவோ, டெல், எச்பி மூன்றுமே இலவசமாகத் தருகின்றன. மலிவு வரிசை மாடல்களுக்குக் கீபோர்டும் ஹின்ஜும் (திரையைத் தாங்கும் கீல்) தேடுவது பாடு. இவற்றுக்கு உதிரிபாகம் தாராளம்.

"ஐ5 லேப்டாப்" என்று மட்டும் போட்டு விற்பவரிடம் முதலில் கேட்கவேண்டியது சிப்பின் தலைமுறை, அதாவது கீழே வரும் எண்களில் முதல் இலக்கம். ஐ5-6300யு, ஐ5-7300யு இரண்டிலும் இரண்டே கோர்தான். எட்டாம் தலைமுறையின் ஐ5-8350யுவில் நான்கு கோர், எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை). விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்கும் கோடும் இன்டெல்லில் ஏறக்குறைய அங்கேதான் விழுகிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. அதனால் ஆறாம், ஏழாம் தலைமுறை மெஷின்களில் விண்டோஸ் 11இன் தகுதிச் சோதனையைத் தாண்டி அதை ஏற்றி விற்கிறார்கள். அது ஓடும், ஆனால் அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. லினக்ஸ் போட்டுக்கொள்பவருக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை, இரண்டு கோர் மட்டும் உறுத்தும்.

மாடல் எண்ணில் ஒரு எழுத்து கூடினாலும் உள்ளே மாறும். திங்க்பேட் டி480இல் இரண்டு ரேம் ஸ்லாட். டி480எஸ்ஸில் ஒன்று சால்டர், ஒன்று ஸ்லாட். எக்ஸ்1 கார்பனில் முழுவதும் சால்டர். லாட்டிட்யூட் 5490, எலைட்புக் 840 ஜி5 இரண்டிலும் இரண்டு ஸ்லாட் உண்டு. மெல்லியதாக, எடை குறைவாக இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் அதற்கான விலையைப் பின்னால் ரேமில் கொடுக்கிறீர்கள்.

டி480 வாங்குபவர் இன்னொன்றும் கவனிக்கவேண்டும். அந்தக் காலத்துத் திங்க்பேட்கள் பலவற்றில் யுஎஸ்பி-சி போர்ட்டின் தண்டர்போல்ட் வசதியை இயக்கும் உள்மென்பொருளில் (ஃபர்ம்வேர்) இருந்த குறையால் அந்த போர்ட் நாளடைவில் செயலிழந்தது. லெனோவோ திருத்தம் வெளியிட்டிருக்கிறது, ஆனால் பாதிப்பு வருவதற்கு முன்பே அதை ஏற்றியிருக்கவேண்டும். சார்ஜிங், வெளித்திரை இரண்டையும் அந்த போர்ட்டில் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஏ கிரேட், பி கிரேட் என்பதற்கு எல்லாரும் ஏற்கும் பொது அளவுகோல் கிடையாது. ஒருவரின் ஏ இன்னொருவரின் பி. பெரும்பாலும் அது வெளித்தோற்றத்தை மட்டுமே சொல்லும், பேட்டரியைப் பற்றி எதுவும் சொல்லாது. கிரேடைவிட முக்கியமான கேள்விகள் மூன்று: திருப்பிக் கொடுக்க எத்தனை நாள், வாரண்டி தருவது யார், பேட்டரியின் இப்போதைய கொள்ளளவு எவ்வளவு. மூன்றாவதற்கு எழுத்தில் பதில் வராவிட்டால் புதுப் பேட்டரியின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ரீஃபர்பிஷ்டின் குறைகளையும் மறைக்கக் கூடாது. எட்டாம் தலைமுறையில் ஏவி1 என்ற புதிய வகை வீடியோவை ஓட்டத் தனி வன்பொருள் உதவி (ஹார்ட்வேர் டிகோடிங்) இல்லை, பிராசசரே உழைக்கவேண்டும், ஃபேன் சத்தம் போடும். என்100 இதை அலட்டாமல் செய்கிறது. வெப்கேம் பெரும்பாலும் 720பிதான். நாள் முழுக்கச் சார்ஜர் இல்லாமல் வெளியே வேலை செய்பவர், எதையும் திறந்து பார்க்க விரும்பாதவர் ஆகியோருக்குப் புதுசின் பேட்டரியும் வாரண்டியும் கூடுதல் பணத்துக்குத் தகும்.

தனி ஆளிடம் வாங்கும்போது

இங்கே வாரண்டி என்பது உங்கள் கண்தான். மெஷின் குளிர்ந்த நிலையில், அணைந்த நிலையில் இருக்கும்போது பார்க்கத் தொடங்குங்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மெஷினைக் காட்டினால் அணைக்கச் சொல்லி மறுபடி ஏற்றுங்கள்.

முதல் வேலை, விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் பயாஸ் அமைப்புத் திரைக்குள் நுழைவது. அதற்கான விசை திங்க்பேடில் எஃப்1, டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10. பாஸ்வேர்ட் கேட்டால் எழுந்துவிடுங்கள். இந்த வரிசைகளில் மதர்போர்டிலுள்ள சிறிய சிமோஸ் பேட்டரியைக் கழற்றினாலும் அந்தப் பாஸ்வேர்ட் அழியாது. உள்ளே காட்டும் சீரியல் எண்ணும் அடிப்பக்க ஸ்டிக்கர் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள், பில்லைக் கேளுங்கள். பில் இல்லை, எண்ணும் பொருந்தவில்லை என்றால் அது திருட்டுப் பொருளாக இருக்கலாம்.

அடுத்தது பலரும் தவறவிடும் பூட்டு. நிறுவனங்கள் மைக்ரோசாஃப்டின் ஆட்டோபைலட் முறையில் லேப்டாப்பைத் தங்கள் கணக்கில் பதிந்து வைக்கின்றன. விண்டோஸை ரீசெட் செய்து வைஃபையில் இணைத்ததும், "உங்கள் நிறுவனக் கணக்கில் நுழையுங்கள்" என்று ஒரு கம்பெனிப் பெயரோடு திரை வரும். மறுபடி விண்டோஸ் போட்டாலும் திரும்ப வரும், அந்த நிறுவனம் தன் பட்டியலிலிருந்து நீக்கினால்தான் போகும். அதனால் ரீசெட் முடிந்து இணைய இணைப்போடு டெஸ்க்டாப் வரை போவதைக் கண்ணால் பாருங்கள். மேக்புக்கில் இதைப்போன்ற பூட்டு ஆக்டிவேஷன் லாக். ரீஃபர்பிஷ்ட் வாங்குபவருக்கும் இந்தச் சோதனை பொருந்தும்.

பேட்டரிக்கு, கமாண்ட் ப்ராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி கட்டளையைப் பேட்டரி ரிப்போர்ட் விருப்பத்தோடு கொடுத்தால் ஒரு அறிக்கை கிடைக்கும். அதில் வடிவமைப்புக் கொள்ளளவு, முழு சார்ஜ் கொள்ளளவு என்ற இரண்டு எண்களைப் பாருங்கள். இரண்டாவது முதலாவதில் 70 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால் புதுப் பேட்டரி தேவை என்று பேரம் பேசுங்கள். டி480இல் உள்ளே 24 வாட்-மணி பேட்டரி ஒன்று, வெளியே கழற்றக்கூடியது ஒன்று. இரண்டுக்கும் தனித்தனியாகப் பார்க்கவேண்டும். டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ அடி மூடி பிதுங்கியிருந்தாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. அதைச் சார்ஜில் போடாதீர்கள்.

எஸ்எஸ்டிக்குக் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருள் போதும். ஆரோக்கிய சதவீதத்தையும் ஓடிய மணிநேரத்தையும் காட்டும். வெப்பநிலையைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு பத்து நிமிடம் பிராசசரை முழு வேகத்தில் ஓட்டுங்கள். ஆரம்பித்த சில நொடிகளிலேயே 95 டிகிரியைத் தாண்டி அங்கேயே நின்றால் சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும் அல்லது ஃபேன் அடைத்திருக்கும். அது சரிசெய்யக்கூடியதுதான், விலையில் கழியுங்கள். மெஷின் தானாக அணைந்தால் விட்டுவிடுங்கள். முழு வெள்ளை, முழுக் கறுப்புப் படங்களை வைத்துத் திரையையும், எல்லா விசைகளையும், எல்லா போர்ட்டுகளையும் பார்த்து முடிக்க மீதி நேரம் போதும்.

எந்தத் தகவலை எதற்கு நம்புவது

விலைக்கு: கீப்பா, கேமல்கேமல்கேமல் இரண்டும் அமேசான் விலை வரலாற்றைக் காட்டும் தளங்கள். கோடு போட்டு அடித்த பழைய விலையை மறந்துவிட்டு, கடந்த ஒரு வருடத்தில் அந்தப் பொருள் அதிக நாள் எந்த விலையில் நின்றது என்று பாருங்கள். சலுகை நாளுக்குச் சில வாரம் முன்பு விலை ஏறி, சலுகையில் பழைய இடத்துக்கே இறங்குவது வரைபடத்தில் பளிச்சென்று தெரியும். கீப்பாவில் புதுசின் கோடும் பழசின் கோடும் தனித்தனி, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

வேகத்துக்கு: பாஸ்மார்க் என்ற வேகச் சோதனையின் எண்கள் பயனர்கள் அனுப்பியவற்றின் சராசரி. இரண்டு சிப்களில் ஒன்று மற்றதைப்போல் இரு மடங்கா என்று அறிய அது போதும், பத்து சதவீத வித்தியாசத்துக்கு அர்த்தம் தேடவேண்டாம். பிரவுசர் வேலைக்கு ஒரு கோரின் வேகத்தைச் சொல்லும் சிங்கிள் த்ரெட் எண்ணைத் தனியாகப் பாருங்கள்.

திரை, சூடு, சத்தத்துக்கு: நோட்புக்செக் என்ற விமர்சனத் தளம் கருவிகளால் அளந்து வெளியிடுகிறது. ஒரே மாடலுக்கு நாலைந்து பேனல் இருக்கும் என்பதால் அவர்கள் சோதித்த பேனல்தான் உங்களுக்கும் வரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வீடியோ விமர்சனங்களில் வரும் மெஷின் பல நேரம் அந்த மாடலின் உயர்ந்த கான்ஃபிகரேஷன்.

கடைப் பக்கத்து ஸ்டார்களை நாங்கள் கடைசியில்தான் வைப்போம். வெவ்வேறு ரேம், வெவ்வேறு பிராசசர் வேரியன்ட்களின் கருத்துகள் ஒரே குவியலில் கிடக்கும். இரண்டு, மூன்று ஸ்டார் கொடுத்தவர்களின் சமீபத்திய கருத்துகளில்தான் ஹின்ஜ் உடைவது, சார்ஜிங் போர்ட் ஆடுவது போன்ற திரும்பத் திரும்ப வரும் குறை தெரியும்.

ரேம் சால்டரா, ஸ்லாட்டா என்ற கேள்விக்கு விற்பனையாளர் பதிலை நம்பவேண்டாம். லெனோவோவின் பிஎஸ்ரெஃப் தளமும், டெல், எச்பி சர்வீஸ் மேனுவல்களும் நேராகச் சொல்லிவிடும். பயன்படுத்தியதை வாங்கும் முன் சீரியல் எண்ணைத் தயாரிப்பாளர் தளத்தில் போட்டால் வாரண்டி முடியும் தேதி தெரியும். சில மெஷின்களுக்கு இன்னும் சில மாதம் மீதி இருக்கும், விற்பவருக்கே அது தெரிந்திருக்காது.

புதுசோ ரீஃபர்பிஷ்டோ, மேலே சொன்ன பேட்டரி, எஸ்எஸ்டி, சூடு சோதனைகளைத் திருப்பிக் கொடுக்கும் காலக்கெடுவின் முதல் இரண்டு நாளிலேயே முடித்துவிடுங்கள். பெட்டியையும் உள் அட்டைகளையும் கெடு முடியும்வரை எறியாதீர்கள். பேட்டரி அறிக்கையைத் தேதியோடு சேமித்து, குறை இருந்தால் அன்றைக்கே விற்பனையாளருக்கு எழுத்தில் அனுப்புங்கள். ரேமோ எஸ்எஸ்டியோ கூட்ட நினைத்தால் கெடு முடிந்தபின் திறங்கள். ஸ்க்ரூவைத் தொட்ட அடையாளம் இருந்தால் திருப்பி எடுக்க மறுக்கும் விற்பனையாளர்கள் உண்டு.