கணக்கு யார் பெயரில் இருக்கிறது? சுங்கை சிப்புட்டில் நடந்த மேகக் கணிமை வகுப்பைப் பற்றி

சிறு வணிகர்களுக்கென்று மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நடத்தப்பட்ட ஒருநாள் மேகக் கணிமை அறிமுக வகுப்பு, வாங்கிய 50 வெள்ளிக் கட்டணத்துக்கு நிறைவான வகுப்புத்தான். இருப்பினும், தோட்டப்புற ஊரில் தொழில் நடத்துகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி, அதாவது மேகச் சேவையில் தம் கடைக் கணக்கு யார் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும் என்பது, அதில் கடைசிக் கால் மணி நேரத்துக்குத் தள்ளப்பட்டு, அவசரமாகச் சொல்லி முடிக்கப்பட்டது. சில கடைகளுக்குக் கணக்கெழுதிக் கொடுப்பவன் என்ற முறையில், அந்தக் கால் மணி நேரத்தைப் பற்றியே இங்கு அதிகம் எழுத விரும்புகிறேன்.

மளிகைக் கடைக்காரர், மாவு மில் வைத்திருப்பவர், லோரி வாடகைக்கு விடுபவர், வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கும் அக்காமார் என்று பலதரப்பட்டவர்கள் வந்திருந்தனர். ஆசிரியர் தோட்டத்தில் வளர்ந்தவர் என்பது அவர் பாடத்தைத் தொடங்கிய விதத்திலேயே தெரிந்தது. ஆலையின் ஜெனரேட்டர் ஓடும் நேரத்தில் மட்டும் லயத்து வீடுகளில் விளக்கு எரிந்த காலத்தை அவர் நினைவூட்டினார். பொது மின்கம்பி வந்த பிறகு யாரும் ஜெனரேட்டரைப் பராமரிக்கவில்லை, மீட்டர் காட்டியதற்குப் பணம் கட்டினோம். அதுபோலவே கணினியின் வேகத்தையும் சேமிப்பிடத்தையும் சொந்தமாக வாங்காமல், வேறோர் இடத்தில் இருப்பதை இணையத்தின் வழியே வாடகைக்குப் பெறுவதே மேகக் கணிமை என்றார். பின்வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர்கள் அந்த இடத்திலேயே தலையசைத்தார்கள்.

அமேசான் நிறுவனம் 2006இல் சேமிப்பிடத்தையும் கணினித் திறனையும் வாடகைக்கு விடத் தொடங்கியதையும், அமெரிக்கத் தேசியத் தரநிலைக் கழகம் 2011இல் வகுத்த ஐந்து இலக்கணங்களையும் அவர் சுருக்கமாகவும் தெளிவாகவும் சொன்னார். வேண்டியபோது நாமே எடுத்துக்கொள்ளலாம், எந்தக் கருவியிலிருந்தும் எட்டலாம், வளம் பலருக்கும் பொதுவானது, தேவைக்கேற்பக் கூடும் குறையும், பயன்பாடு அளக்கப்படும் என்பவையே அவை. கூடிக் குறைவதற்குத் தீபாவளிக்கு முந்திய வாரங்களில் குவியும் முறுக்கு ஆர்டர்களை எடுத்துக்காட்டாகச் சொன்னது மிகப் பொருத்தம். ஆனால் அளந்து கட்டணம் வாங்கும் முறையைப் பற்றி இன்னும் விளக்கியிருக்க வேண்டும். சேவையகத்தை, அதாவது இணையத்தின் வழியே இயங்கும் பெரிய கணினியை, வாடகைக்கு எடுப்பவருக்கு மீட்டர் ஓடுவது உண்மை. நம் கடைகள் வாங்கும் கணக்கு மென்பொருளுக்கோ பெரும்பாலும் ஆளுக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு என்றுதான் கட்டணம். ஒரு மாதம் திறக்காவிட்டாலும் பணம் போகும்.

தரவு எங்கே இருக்கிறது என்ற பகுதி என்னை மிகவும் ஈர்த்தது. அமேசான் 2024 ஆகஸ்டில் மலேசியாவிலேயே தன் தரவு மையத் தொகுதியைத் திறந்தது. அதே ஆண்டு மே மாதம் கூகுள் அறிவித்த 200 கோடி அமெரிக்க டாலர் முதலீட்டில் அடங்கிய தரவு மையத்துக்குச் சிலாங்கூரின் எல்மினா வணிகப் பூங்கா இடமானது. அந்த எல்மினா ஒரு காலத்தில் தோட்டம். நம் முன்னோர் வேலை செய்த மண்ணில் இப்போது உலகத்தின் கோப்புகள் தங்கப்போகின்றன என்று ஆசிரியர் சொன்னபோது அறை அமைதியானது. எனக்கும் நெஞ்சு கனத்தது.

வரி தொடர்பான பகுதியில் உடனே பயன்படும் செய்திகள் இருந்தன. உள்நாட்டு வருமான வரி வாரியம் மின்-விலைப்பட்டியலை, அதாவது விற்பனை ரசீதை மின்வடிவில் வாரியத்துக்கு அனுப்பும் முறையை, 2024 ஆகஸ்டு முதல் படிப்படியாக நடைமுறைப்படுத்தி வருவதால், மென்பொருள் வாங்கியே தீர வேண்டும் என்று விற்பனையாளர்கள் கடை கடையாகச் சொல்லி வருகிறார்கள். வாரியத்தின் மைஇன்வோய்ஸ் தளத்தை இலவசமாகவே பயன்படுத்தலாம் என்பதை ஆசிரியர் திரையில் திறந்து காட்டினார். கணக்கு ஆவணங்களை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்ற சட்டக் கடமையையும், கடைக்குள் வெள்ளம் புகுந்தால் காகிதக் கட்டுகள் என்னவாகும் என்பதையும் சேர்த்துச் சொன்னதால், மேகச் சேமிப்பின் தேவை எல்லாருக்கும் புரிந்தது. செலவைச் சொல்லும்போது மட்டும், விலை அமெரிக்க டாலரில் இருந்தால் நாணய மாற்று விகிதத்தோடு மாதக் கட்டணமும் ஏறி இறங்கும் என்பதையும், 2024 மார்ச்சு முதல் சேவை வரி 8 விழுக்காடு என்பதையும் விட்டுவிட்டார்.

இனி அந்தக் கடைசிக் கால் மணி நேரத்துக்கு வருகிறேன். நம் ஊர்களில் மேகச் சேவையில் கடைக்கென ஒரு பயனர் கணக்கைத் தொடங்கித் தருபவர் பெரும்பாலும் கணினி விற்றவர், அல்லது படித்த மருமகன். அவர் தம் மின்னஞ்சலையும் தம் கைப்பேசி எண்ணையும் கொடுத்துப் பதிவு செய்து, கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார். எனக்குத் தெரிந்த ஒரு கடையில் அப்படித் தொடங்கித் தந்தவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் எண்ணையும் மாற்றிவிட்டார். அதன் பின், உள்நுழையும்போது கைப்பேசிக்கு அனுப்பப்படும் உறுதிக்குறியீடு வர வழியில்லாமல், கடைக்காரர் தம் சொந்த வாடிக்கையாளர்களின் கடன் கணக்கையே பார்க்க முடியாமல் தவித்தார். பணம் கட்டுபவர் அவர்; ஆனால் சேவை நிறுவனத்தின் ஏட்டில் கணக்கு அவருடையது அன்று. ஆகவே பதிவு கடையின் பெயரில், முதலாளியின் மின்னஞ்சலில், முதலாளியின் எண்ணில் இருக்க வேண்டும். உதவி செய்பவருக்குத் தனிப் பயனர் அனுமதி கொடுத்தால் போதும், வேண்டாதபோது அதை நீக்கிவிடலாம். ஆசிரியர் இதை ஒரே வாக்கியத்தில் சொல்லிக் கடந்தார்.

அதே அவசரத்தில், எல்லாக் கருவிகளிலும் ஒரே கோப்பை வைத்திருக்கும் ஒத்திசைவு வேறு, தனியே எடுத்து வைக்கும் காப்புப்படி வேறு என்பதும் மங்கிப்போனது. ஒரு கருவியில் அழித்த கோப்பு மற்றக் கருவிகளிலும் அழிந்துபோகும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் அது 30 நாள்தான் கிடக்கும். மாதம் ஒருமுறை முழுக் கணக்கையும் இறக்கி வெளி வட்டில் வைப்பது, இணையம் துண்டிக்கப்படும் நாளுக்கென ரசீதுப் புத்தகம் வைத்திருப்பது ஆகியவற்றை நானே என் கடைக்காரர்களுக்குச் சொல்லி வருகிறேன். வாடிக்கையாளர் விவரம் கசிந்து அவர்களுக்குப் பெரும் பாதிப்பு நேரக்கூடுமானால், 2025 ஜூன் முதல் 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும் என்ற கடமையை வகுப்பில் சொன்னது நன்று. மேக நிறுவனம் தன் கட்டடத்தையும் இயந்திரங்களையும் காக்கும். கடவுச்சொல்லையும் அனுமதிகளையும் காப்பது கடைக்காரரின் பொறுப்பு என்பதை அதனோடு இணைத்துச் சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

ஆசிரியரின் பேச்சு நல்ல தமிழில் இருந்தது. கொடுத்த குறிப்பேடு முழுவதும் ஆங்கிலம் என்பதால் பாதிப்பேர் அதைத் திறக்கவே இல்லை. இதுவரை இதைப்பற்றி எதுவும் அறியாத வணிகர்கள் தயங்காமல் போகலாம். ஏற்கெனவே மென்பொருள் பயன்படுத்துகிறவர்களுக்குக் காலைப்பகுதி புதிதாக எதையும் தராது. அடுத்த வகுப்பை நடத்தும்போது, குறிப்பேட்டைத் தமிழில் கொடுத்து, காலையிலேயே ஒவ்வொருவரும் தம் கைப்பேசியை எடுத்துத் தம் கடைக் கணக்கு எந்த மின்னஞ்சலில், எந்த எண்ணில் பதிவாகியிருக்கிறது என்று அங்கேயே பார்த்துத் திருத்திக்கொள்ள அரை மணி நேரமாவது ஒதுக்குமாறு ஏற்பாட்டாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.