கடைசி இரண்டு கிலோமீட்டர்: ஒரு ஸ்டீல் டூரிங் சைக்கிளும் தெருவெல் மலைக் கிராமங்களும்

வாங்கிய மாதமே அனுபவம் எழுதுகிறவர்களைப் படித்தால், கல்யாணமான மறுவாரம் மாப்பிள்ளையைப் பற்றி மாமியார் பேசுவதுபோல இருக்கும். எல்லாமே தங்கம். என் சைக்கிளுக்கு இப்போது ஐந்து வயது. மீட்டர் 11,260 கி.மீ. காட்டுகிறது. அதில் பாதிக்கு மேல் ஸ்பெயினின் தெருவெல் மாகாணத்திலும் அதை ஒட்டிய மயெஸ்த்ராஸ்கோ மலைகளிலும் ஓட்டியது. எனக்கு வேலை வலென்சியாவில். அங்கிருந்து தெருவெல் போகும் சாதாரண ரயிலில் சைக்கிளைப் பிரிக்காமல் அப்படியே ஏற்றலாம். ஆனால் ஒரு ரயிலுக்குச் சில சைக்கிள்தான். இடத்தை முன்கூட்டியே பிடித்துவிட வேண்டும்.

வண்டி இதுதான்: குரோமோலி ஸ்டீல் பிரேம், 40 மி.மீ. டயர், கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக், முன்பக்கம் மூன்று பல்சக்கரம் (48, 36, 26 பல்), பின்பக்கம் 11 முதல் 34 பல் வரை. கேரியரோடு 15 கிலோ. நான் 78. சாமான் முதல் வருடம் 24 கிலோ, இப்போது 13. இந்த இறங்குமுகத்துக்குக் காரணம் ஞானம் இல்லை, முழங்கால்.

இந்த ஊர்களைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் சைக்கிளைப் பற்றிப் பேச முடியாது. இங்கே பழைய ஊர்கள் பலவும் இடைக்காலத்தில் எதிரிக்குப் பயந்து கட்டியவை. பாறை நுனியில், ஆற்று வளைவின் மேல், குன்றின் உச்சியில் உட்கார்ந்திருக்கும். அல்பரசின் என்ற பேரே பனூ ரசீன் என்ற பெர்பர் குடும்பத்திலிருந்து வந்தது. 11ஆம் நூற்றாண்டில் அவர்களுடைய குட்டி அரசுக்கு அது தலைநகர். காந்தவியேஹாவை 13ஆம் நூற்றாண்டில் டெம்ப்ளர் வீரத் துறவிகள் ஆண்டார்கள். மொரேயா ஒரு பாறையைச் சுற்றி மதில் கட்டிய ஊர்; ஸ்பெயினின் அரியணைக்காக நடந்த கார்லிஸ்ட் உள்நாட்டுப் போரில் ‘மயெஸ்த்ராஸ்கோவின் புலி’ எனப்பட்ட தளபதி கப்ரேரா 1838இல் அதைப் பிடித்து 1840 வரை விடவே இல்லை. ஏறி வருகிறவன் மூச்சு வாங்கி நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் இடத்தையே தேர்ந்திருக்கிறார்கள். எண்ணூறு வருடம் கழித்து அந்த ஏற்பாடு என்மேல் கச்சிதமாக வேலை செய்கிறது. ரோடு பள்ளத்தாக்கோடு சமர்த்தாகப் போகும். படுக்க வேண்டிய ஊர் மட்டும் மேலே இருக்கும். நாள் முழுக்க ஓட்டிக் களைத்து, தண்ணீரும் தீர்ந்திருக்கும் நேரத்தில், கடைசி இரண்டு கிலோமீட்டர் ஏற்றம். இந்த வண்டியின் நல்லது கெட்டது எல்லாவற்றையும் நான் அந்த இரண்டு கிலோமீட்டரை வைத்துத்தான் அளக்கிறேன்.

முதல் வருடம் மிராம்பெல்லிலிருந்து காந்தவியேஹா ஏறியபோது பாடம் கிடைத்தது. மிராம்பெல் ஆயிரம் மீட்டர் உயரத்தில். காந்தவியேஹா அதற்கு மேல் இன்னும் ஏறக்குறைய 300 மீட்டர். கீழே வளைவில் வரும்போதே செங்குத்துப் பாறையும் விளிம்பில் வரிசையாக வீடுகளும் தெரியும். ‘அங்கேயா?’ என்று தோன்றும். அங்கேதான். முன்னால் 26 பல்லும் பின்னால் 34 பல்லும் சேர்ந்தால் ஒரு மிதிக்கு, அதாவது பெடல் ஒரு முழுச் சுற்று சுற்றினால், வண்டி ஏறக்குறைய 1.7 மீட்டர் போகும். கடைக்கு வெளியே சமதளத்தில் சுற்றிப் பார்த்தபோது இது காற்றை மிதிப்பதுபோல் இருந்தது. கொண்டை ஊசி வளைவில் 24 கிலோ சாமானோடு அது கல்லை மிதிப்பதாக இருந்தது. மூன்றாவது வளைவில் இறங்கித் தள்ளினேன். மேலிருந்து கம்பூன்றி வந்த பெரியவர் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, “க்வெஸ்தா, க்வெஸ்தா” என்றார். ஸ்பானிஷில் க்வெஸ்தா என்றால் ஏற்றம். ‘விலை ஆகிறது, கஷ்டம்தான்’ என்பதற்கும் அதே சொல். எதைச் சொன்னார் என்று கேட்க எனக்கு மூச்சு இல்லை.

ஊர் திரும்பியதும் முன்பக்கச் சின்னப் பல்சக்கரத்தை 22 ஆக மாற்றினேன். ஐந்து வருடத்தில் இந்த வண்டிக்குச் செய்த மிக மலிவான, மிக நல்ல செலவு இதுதான். ஒரு மிதிக்கு 1.4 மீட்டர், நிமிடத்துக்கு அறுபது மிதி மிதித்தால் மணிக்கு 5 கி.மீ. நடக்கும் வேகம்தானே என்பீர்கள். ஆமாம், ஆனால் தள்ளிக்கொண்டு நடக்கும் வேகம் அதுவும் இல்லை. ஒரு குறை: முன்னால் சின்னது, பின்னால் சின்னது என்று போட்டால் செயின் தொளதொளவென்று தொங்கும். கம்பெனி சொன்ன அளவைத் தாண்டிவிட்டோம் அல்லவா. அந்தச் சேர்க்கையைப் போடாமல் இருக்கக் கை பழகிவிட்டது.

பிரேக்கைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. க்வார்த்தோ பெலாதோ கணவாய் 1,612 மீட்டர். அங்கிருந்து காந்தவியேஹா பக்கம் இறங்கும்போது சாமானோடு வண்டி தானாகவே ஐம்பதைத் தொடும். டிஸ்க் ஒருமுறைகூடக் கைவிடவில்லை. கட்டைகளைச் சுமார் மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்றுகிறேன். ஆயில் பிரேக் இன்னும் மென்மை என்பார்கள். பெட்டிக்கடையே இல்லாத ஊரில் நின்று கேபிள் மாற்றியவனுக்கு அந்த மென்மை தேவைப்படவில்லை.

முன்சக்கரத்து டைனமோவில் போன் சார்ஜ் ஏறும் என்று நம்பி வாங்கினேன். ஏறும், மணிக்குப் பன்னிரண்டு பதிமூன்று கிலோமீட்டருக்கு மேல் போனால். நான் பாதி நாள் ஐந்தில் ஊர்கிறேன். இறக்கத்தில் ஏறும் என்றால், இறக்கம் இருபது நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. விளக்குக்கு அருமையான பொருள். போனுக்கு பவர் பேங்க் எடுத்துப் போங்கள்.

தோல் சீட் முதல் 800 கி.மீ. தண்டனை. அதற்கப்புறம் அது இருப்பதையே மறந்துவிட்டேன்.

உண்மையான சங்கடம் பின்சக்கரத்தில் வந்தது. கம்பெனியில் கட்டி வந்த 32 கம்பிச் சக்கரம். 4,000 கி.மீ. தாண்டியதும் செயின் பக்கத்து ஸ்போக் ஒன்று மலையில் ‘டிங்’கென்று போனது. அந்தப் பக்கம் கம்பி போட ஸ்ப்ராக்கெட்டைக் கழற்ற வேண்டும். அதற்கான கருவி வலென்சியாவில் என் அலமாரியில் பத்திரமாக இருந்தது. கையிலிருந்த கயிற்று ஸ்போக்கை, அவசரத்துக்குக் கட்டுகிற நூல்தான் அது, மாட்டி முறுக்கினேன். வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து ரோட்டோரத்திலேயே கோட்டம் எடுத்தேன். டிஸ்க் பிரேக் வண்டியில் கோட்டம் பார்க்க ரிம் ஓரத்தில் பிரேக் கட்டை இருக்காது. பிரேமில் ஒரு பிளாஸ்டிக் டை கட்டி, அதன் வாலை ரிம்மை உரசுகிற அளவுக்கு வெட்டிக்கொண்டால் போதும். சக்கரத்தைச் சுற்றினால் எங்கே உரசுகிறது, எங்கே விலகுகிறது என்று தெரிந்துவிடும். வேலை முடிய ஒன்றரை மணி நேரம். மேலே பருந்துபோல் வட்டமிட்டவை பருந்து இல்லை, பிணந்தின்னிக் கழுகுகள். இந்த மலையில் அவை சர்வசாதாரணம் என்று தெரிந்தும் கொஞ்சம் வேகமாகவே முடித்தேன். அடுத்த வாரமே 36 கம்பிச் சக்கரம் கட்டச் சொன்னேன். அதற்குப் பிறகு ஏழாயிரம் கி.மீ.; ஒரு கம்பிகூடப் போகவில்லை.

ஏற்றமே வேண்டாம் என்கிறவர்களுக்கு இந்த மாகாணத்திலேயே வேறு வழி இருக்கிறது. ஓஹோஸ் நேக்ரோஸ் சுரங்கத்திலிருந்து கடலோரச் சகுந்தோவுக்கு இரும்புத் தாது கொண்டுபோக 1907இல் ஒரு ரயில் பாதை ஓடத் தொடங்கியது. பக்கத்திலேயே வேறொரு கம்பெனியின் பாதை இருந்தது. கட்டண விஷயத்தில் ஒத்துப்போகாததால் சுரங்கக்காரர்கள் தமக்கென்று இணையாக இன்னொன்றைப் போட்டுக்கொண்டார்கள். 1972இல் அது நின்றது. அந்தச் சண்டையின் பலன் இன்று நமக்கு: தண்டவாளம் எடுத்த பாதையில் ஏறக்குறைய 160 கி.மீ. சைக்கிள் வழி. சரக்கு ரயில் போன தடம் என்பதால் சரிவு எங்கேயும் முகத்தில் அடிக்காது. குகைப் பாதைகளுக்கு விளக்கு அவசியம்.

கீழே சூடான பகுதிக்கு வந்த பிறகு ஒரே நாளில் மூன்று பஞ்சர். டயரிலிருந்து பிடுங்கிய முள்ளைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு. நெருஞ்சி! அதே மஞ்சள் பூ, எப்படி விழுந்தாலும் ஒரு கொம்பு மேலே நிற்கிற அதே முள். ஸ்பானிஷில் ஆப்ரோஹோ. சிறுவயதில் குரங்குப் பெடல் போட்ட காலத்து எதிரி கண்டம் தாண்டி வந்து குத்துகிறான் என்று நினைத்தேன்; படித்துப் பார்த்தால் மத்தியதரைக் கடல் பகுதியும் அதற்குச் சொந்த மண்தானாம். இப்போது டயருக்கு உள்ளே பஞ்சர் தடுக்கும் பட்டை இருக்கிற ரகம்தான் போடுகிறேன். கனம், மந்தம். பரவாயில்லை.

சைக்கிளுக்கு வெளியே உள்ள ஒரு விஷயம் சைக்கிளைவிட முக்கியம்: ஊரின் கடிகாரம். தெருவெல் மாகாணத்தில் சதுர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒன்பது பேர்தான். ‘தெருவெல் இருக்கிறது’ என்ற பெயரிலேயே 1999இல் இங்கே ஓர் இயக்கம் தொடங்கினார்கள் என்றால் பாருங்கள். மதியம் இரண்டு மணிக்குக் கடை மூடினால் ஐந்துக்குத்தான் திறக்கும், திறந்தால். இருக்கிற ஒரே பாருக்குத் திங்கட்கிழமை விடுமுறையாக இருக்கலாம். இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு முன் கிடையாது. நான் முதல் வருடம் நம் பசிக் கணக்கில் ஓட்டி, பூட்டிய கதவுகளுக்கு முன்னால் பிஸ்கட் தின்றிருக்கிறேன். இப்போது இரண்டு மணிக்கு எந்த ஊரில் மெனு தெல் தியா, அதாவது அன்றைய சாப்பாடு, கிடைக்குமோ அதை வைத்துத்தான் காலையில் கிளம்பும் நேரமே. சைவக்காரர்கள் ‘கறி இல்லாமல்’ என்று மட்டும் சொன்னால் போதாது. பன்றித் தொடை ஹமோன் இந்த மாகாணத்தின் பெருமை, பொடியாக நறுக்கித் தூவியதை அவர்கள் கறியில் சேர்ப்பதே இல்லை. முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் உருளைக்கிழங்கு தொர்தீயா, அதாவது தடித்த ஆம்லெட், காப்பாற்றும். தண்ணீருக்குக் கவலை இல்லை. அநேகமாக ஊருக்கு ஒரு ஃபுவேந்தே, கல்தொட்டியோடு குழாய், உண்டு. குடிக்க உதவாது என்றால் பலகை வைத்திருப்பார்கள், படித்துவிட்டுப் பிடியுங்கள்.

மே, ஜூன், செப்டம்பர் மட்டும் போங்கள். கலமோச்சா பக்கம் 1963 டிசம்பரில் மைனஸ் 30 டிகிரி பதிவாகியிருக்கிறது. ஓர் அக்டோபர் காலையில் என் பாட்டில் மூடி உறைந்து திறக்கவில்லை.

இத்தனை ஊரிலும் எனக்குப் பிடித்தது எது என்றால் வெட்கத்தோடு சொல்கிறேன், மிராம்பெல். காரணம், அது பள்ளத்தாக்கில் சமதளத்தில் இருக்கிறது. மதில் உண்டு, வாசல் உண்டு, ஆனால் ஏற்றம் இல்லை. பெடலை நிறுத்தாமலே கோட்டைவாசலுக்குள் நுழையலாம். ‘கன்னியர் வாசல்’ என்று ஒன்று. அதற்கு மேலே மடத்துப் பலகணிகளில் சுட்ட மண்ணாலும் சுண்ணச் சாந்தாலும் மரத்தாலும் ஆன துளைத் தட்டிகள். உள்ளிருந்த துறவியர் தெருவைப் பார்க்கலாம், தெரு அவர்களைப் பார்க்க முடியாது. ஒருநாள் அதன் அடியில் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். ரொட்டி வேன் வந்து, நம்மூர் மீன்காரர்போல, ஹாரனை அழுத்தி அழுத்தி அடித்தது. காலியென்று நினைத்திருந்த தெருவில் நாலு கதவு திறந்தது. ஒரு பாட்டி, தனக்கு இரண்டு வாங்கியவர், என் எண்ணெய்க் கையைப் பார்த்துவிட்டு “எங்கே போகிறாய், மகனே?” என்றார். காந்தவியேஹா என்றேன். திரும்பிப் போய் இன்னொரு ரொட்டி வாங்கி வந்து என் கேரியர் பட்டையில் செருகினார்.

விற்பீர்களா என்று ஒரு நண்பர் கேட்டார். இல்லை. வருகிற மே மாதத்துக்கு முன் பின்பக்கம் 36 பல் போடலாமா என்று பார்க்கிறேன். அப்படிப் போட்டால் கியர் மாற்றியையும் மாற்ற வேண்டியிருக்கும், செயின் இன்னும் தொங்கும். அல்லது சாமானில் இரண்டு கிலோ குறைக்க வேண்டும். கேமராவைத்தான் முதலில் பார்க்கிறேன்.