ஜெல், காற்று, ஃபோம்: பின்னால் ஆளோடு நெடும்பயணத்துக்கு எது?

பைக்கில் தனியாக 500 கி.மீ. ஓட்டுகிறவருக்கே பின்னால் ஒருவர் உட்கார்ந்துவிட்டால் 250-ல் தோள் இறுகிவிடும். கூடுதல் எடைதான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். எடையைவிட அசைவுதான் அதிகம் களைக்க வைக்கிறது. இடுப்பு வலிக்க ஆரம்பித்ததும் பின்னால் இருப்பவர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை புரண்டு உட்காருவார். ஒவ்வொரு புரளுக்கும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், ஓட்டுகிறவர் கை அதைத் திருத்தும். பிரேக் பிடித்தால் அவர் முன்னால் சறுக்குவார், ஹெல்மெட் ஹெல்மெட்டில் இடிக்கும், அந்த எடையெல்லாம் ஓட்டுகிறவர் மணிக்கட்டில் இறங்கும். அதனால் செலவு செய்வதானால் முதலில் பின் சீட்டுக்குத்தான் செய்ய வேண்டும். அதற்கு வழி மூன்று: மேலே கட்டும் ஜெல் பேட், காற்று மெத்தை, குஷன் கடையில் ஃபோமையே மாற்றுவது. கணக்குக்கு ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-ஐ எடுத்துக்கொள்வோம். அதில் பின் சீட் தனித் துண்டு, கழற்றுவது எளிது.

ஜெல் பேட் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. அரை மணி நேரம் சுகமாக இருக்கும். ஆனால் ஜெல் சூட்டை உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும். உளுந்தூர்பேட்டையில் சாப்பாட்டுக்கு வெயிலில் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தால் உட்காரவே முடியாது. பட்டை தளர்ந்து பேட் நழுவுவது இன்னொரு தொல்லை. சின்னப் பின் சீட்டில் ஒரு அங்குலம் நகர்ந்தாலே விளிம்பு தொடையில் அழுத்தும். சென்னையிலிருந்து மாமல்லபுரம் வரை போய் வர இது போதும்.

காற்று மெத்தை உண்மையிலேயே நல்ல பொருள். சரியாக வைத்தால் எந்த ஃபோமும் அதற்கு ஈடில்லை. ஒன்றோடொன்று இணைந்த அறைகளில் காற்று நகர்வதால் எடை ஒரே இடத்தில் குவியாது. ஆனால் எல்லாமே அந்த ‘சரியாக’ என்ற இடத்தில்தான் இருக்கிறது. பாதி ஊதி, ஆள் உட்கார்ந்த பிறகு வால்வைத் திறந்து, உட்காரும் இடுப்பெலும்புக்கும் அடிச் சீட்டுக்கும் நடுவே ஒரு விரல் தடிமன் மிஞ்சும் வரை காற்றை விட வேண்டும். பெரும்பாலானோர் நிறைய ஊதிவிடுகிறார்கள். அப்போது மெத்தை உருளும், வளைவில் பின்னால் இருப்பவர் மிதப்பார், ஓட்டுகிறவருக்கு அது வண்டியே ஆடுவதுபோலத் தெரியும்.

காலையில் அளந்து வைத்ததும் அப்படியே நிற்காது. வெயில் ஏற ஏற உள்ளே அழுத்தம் கூடும். மேட்டுப்பாளையத்தில் சரிசெய்த மெத்தை, 2,200 மீட்டர் உயரத்துக்கு மேலிருக்கும் ஊட்டி போய்ச் சேர்வதற்குள் வெளிக் காற்றழுத்தம் குறைவதால் விறைத்துவிடும். அங்கே காற்றை விட்டுச் சரிசெய்தால், இறங்கி வரும்போது தளர்ந்து அடி தட்டும். ஓட்டுகிறவரும் பின்னால் இருப்பவரும் இடம் மாறினால் மறுபடி அளக்க வேண்டும். வால்வில் மெல்லக் கசிந்தால் அது தெரிய வருவதற்குள் இடுப்பு வலித்துவிடும். நிறுத்தும் இடத்திலெல்லாம் வால்வைத் தடவிப் பார்க்கும் பொறுமை இருப்பவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும்.

இந்த ஒரு காரணத்துக்காகவே நான் ஃபோம் பக்கம். நடு வழியில் கவனிக்க வேண்டிய பொருள் எதுவும் நெடும்பயணத்தில் களைப்பைக் கூட்டும். ஃபோமை ஒருமுறை ஒழுங்காகச் செய்துவிட்டால் அதை மறந்துவிடலாம்.

ஒழுங்காகச் செய்வது எப்படி? சென்னை ஜி.பி. ரோட்டிலானாலும் சொந்த ஊரிலானாலும், கடைக்காரர் முதலில் மெத்தென்ற ஃபோமைத்தான் எடுத்து நீட்டுவார். “அண்ணே, மெத்துனு வேணாம், கெட்டியா வேணும்” என்று சொல்லிவிடுங்கள். மெத்தென்ற ஃபோம் கடையில் அமுக்கிப் பார்க்க நன்றாக இருக்கும். ஒரு மணி நேரத்தில் முழுக்க நசுங்கி, எலும்பு அடித்தகட்டில் உட்கார்ந்துவிடும். அடியில் ஒரு அங்குலம் ரீபாண்டட் (ஃபோம் துண்டுகளை ஒட்டி அழுத்திச் செய்த கெட்டி ஃபோம்), அதன்மேல் ஒரு அங்குலம் 40 டென்சிட்டி (கன மீட்டருக்கு 40 கிலோ அடர்த்தி) ஃபோம், மேலே அரை அங்குலம் மட்டும் மெத்தென்ற ஃபோம். இந்த அடுக்கு 55 முதல் 75 கிலோ எடையுள்ளவருக்குச் சரியாக வரும். அதற்கு மேலே போனால் நடு அடுக்கை இன்னும் கெட்டியாகக் கேளுங்கள்.

போகும் முன் வீட்டில் ஒரு அளவு எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் அட்டைப்பெட்டி அட்டையைப் போட்டு, பின்னால் உட்காருகிறவர் அதில் முழங்காலைத் தூக்கி ஒரு நிமிடம் உட்காரட்டும். இரண்டு குழி விழும். நடுவிலிருந்து நடு, பெரும்பாலும் 10 முதல் 14 செ.மீ. வரை இருக்கும். அந்த இரண்டு புள்ளியும் சீட்டின் தட்டையான பாகத்தில் விழ வேண்டும். தையல் அவற்றின்மேல் வரவே கூடாது.

சாய்மானத்தையும் பாருங்கள். சீட் முன்பக்கம் சரிந்திருந்தால் எந்த ஃபோம் போட்டும் பயனில்லை, ஒவ்வொரு பிரேக்குக்கும் ஆள் முன்னால் வந்துவிடுவார். மட்டமாக, பின்பக்கம் ஒரு நூல் தாழ்ந்து இருந்தால் நல்லது. உயரத்தை அரை அங்குலம் கூட்டினால் முழங்கால் மடிப்பு தளரும், அதற்கு மேல் கூட்டினால் காற்று நெஞ்சில் அறையும். ரெக்சினுக்கும் ஃபோமுக்கும் நடுவே பாலிதீன் தாள் போடச் சொல்லுங்கள். தையல் துளை வழியே இறங்கும் மழைநீர் ஃபோமில் தேங்கினால் இரண்டு நாளைக்கு ஈரம் போகாது. முன்னும் பின்னும் ஒரே நீளச் சீட் உள்ள வண்டியென்றால் அடியில் மடித்து அடிக்கும் ரெக்சின் தடித்து லாக் விழாமல் போகலாம், கடையிலேயே மாட்டிப் பாருங்கள்.

ஃபோமின் குறை, திரும்ப முடியாது என்பதுதான். வெட்டியது வெட்டியதுதான். முடிந்தால் பழைய பின் சீட் ஒன்றை வாங்கி அதில் செய்து, கம்பெனிச் சீட்டை அப்படியே வைத்திருங்கள், வண்டியை விற்கும்போது உதவும்.

எந்தச் சீட்டாக இருந்தாலும் சில வேலைகள் மாறாது. கிளாசிக்கில் பின் ஷாக்கில் ஸ்பிரிங் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க ஆறு படி உண்டு, ஆள் ஏறினால் இரண்டு படி கூட்டுங்கள். டயர் காற்றை இருவருக்கான அளவில் வையுங்கள். பை பின்னால் இருப்பவர் முதுகில் வேண்டாம். ஒருபக்கமாக உட்கார்ந்து தொலைதூரம் போவதும் வேண்டாம், எடை முழுக்க ஒரே எலும்பில் இறங்கி முதுகு முறுக்கிக்கொள்ளும். திருச்சி போவதென்றால் மேல்மருவத்தூர், விழுப்புரம், தொழுதூர் என்று வலி வரும் முன்பே இறங்கிப் பத்து நிமிடம் நடங்கள்.

புதுச் சீட்டோடு நேராக நெடும்பயணம் கிளம்ப வேண்டாம். முதலில் 100 கி.மீ. ஓடிப் பாருங்கள். பின்னால் இருப்பவர் எத்தனை முறை புரண்டார் என்று கவனியுங்கள். ஒரு பக்கம் மட்டும் வலித்தால் அந்தப் பக்க ஃபோமைச் சீவச் சொன்னால் போதும். அதற்காகவே கடைசி ரெக்சின் பின்களை அடிப்பதை இந்த ஓட்டத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாமா என்று கடைக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.