அமெரிக்காவின் இலவசக் கடனறிக்கைத் தளம்: பாதுகாப்பு அனுமதி வேண்டுவோருக்கு எவ்வளவு உதவும்?

அமெரிக்கக் குடியுரிமை பெற்ற என் மருமகன், அங்கு அரச ஒப்பந்த நிறுவனமொன்றின் வேலைக்குத் தெரிவானபோது, அரச இரகசியங்களைக் கையாள வழங்கப்படும் பாதுகாப்பு அனுமதிக்கான எஸ்.எப்.-86 என்ற விண்ணப்பப் படிவத்தை நிரப்ப வேண்டியிருந்தது. அவருடைய கடன்களிற் பெரும்பங்கு கிளிநொச்சியில் பெற்றோருக்கு வீடு கட்டவும் தங்கையின் திருமணத்துக்கும் வாங்கியது என்பதால், கடன் விபரங்களை முதலில் என்னோடு சேர்ந்து பார்த்தார். அதற்குப் பயன்பட்ட ஆனுவல்கிரெடிட்ரிப்போர்ட்.கொம் என்ற தளத்தைப் பற்றி, பிள்ளைகள் இத்தகைய வேலைகளுக்குப் போகும் வன்னிக் குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

எக்குவிபக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று கடன் தகவல் பணியகங்களும் ஒருவரின் கடன்களைப் பற்றி வைத்திருக்கும் அறிக்கைகளை, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இலவசமாகப் பெறுவதற்கான தளம் இது. முன்பு ஆண்டுக்கு ஒருமுறை கிடைத்தது, இப்போது வாரத்துக்கு ஒருமுறை கிடைக்கிறது. கடனட்டை இலக்கம் கேட்டால் அது வேறு தளம், உடனே வெளியேறிவிடுங்கள். ஒரு பணியகத்துக்கு அறிவிக்கப்பட்ட கடன் மற்றொன்றில் இல்லாமலும் இருக்கலாம் என்பதால் மூன்றையும் எடுக்க வேண்டும்.

கடன் இருப்பதே அனுமதியைத் தடுத்துவிடும் என்று எங்கள் பக்கத்தில் பலர் அஞ்சுகின்றனர். அது சரியல்ல. 2017 ஜூனில் நடைமுறைக்கு வந்த, இந்த அனுமதியை வழங்குவதற்கான வழிகாட்டல்களில் நிதிநிலை பற்றிய பகுதி, கடனின் தொகையைவிட, அதைக் கட்ட இயலாத அல்லது மனமில்லாத நிலையையே பெரிதாக எடுக்கிறது. நெருக்கடியில் இருப்பவர் பணத்துக்காகத் தவறான செயலுக்கு இணங்கக்கூடும் என்பதே அதன் கவலை. வேலையிழப்பு, நோய், மணமுறிவு போன்றவற்றால் தவணை தவறி, அந்நிலையிலும் பொறுப்போடு நடந்து, திருப்பிச் செலுத்தும் ஒழுங்கொன்றைச் செய்து கட்டி வருபவருக்கு அது சாதகமாகக் கணிக்கப்படும். மறைத்தால் நிலைமை மாறிவிடும். வேண்டுமென்றே பொய் எழுதுவது கூட்டாட்சிச் சட்டத்தின்படி குற்றம். கடந்த 7 ஆண்டுகளில் 120 நாட்களுக்கு மேல் பிந்திய கடன் எதையும், பின்னர் கட்டி முடித்திருந்தாலும், படிவம் கேட்கிறது. தவணை 30, 60, 90, 120 நாட்கள் பிந்திய மாதங்கள் அறிக்கையில் தனித்தனியே காட்டப்படுவதால், நினைவை நம்பாமல் விடையளிக்க முடிகிறது. இந்தத் தளத்தை நான் உயர்வாக மதிப்பது முக்கியமாக இதற்காகத்தான்.

ஆனால் அதன் கண்ணுக்கு வன்னி தெரியாது. இங்குள்ள வங்கியில் காணியை ஈடு வைத்து எடுத்த கடன், லீசிங்கில் எடுத்த உழவு இயந்திரம், சீட்டு, கைமாற்று எதுவும் அந்த அறிக்கைகளில் வராது. பிள்ளையின் பெயரில் இலங்கையில் வங்கிக் கடன் இருந்தால், 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான கொடுகடன் தகவல் பணியகத்தின், அதாவது நாங்கள் ‘கிரிப்’ என்று சொல்வதன், அறிக்கையையும் எடுத்து வைப்பது நல்லது. வெளிநாட்டவருக்குப் பண உதவி செய்ததுண்டா என்றும் அதே படிவம் கேட்கிறது. அமெரிக்கச் சட்டத்தின் முன் பெற்ற தாயும் தகப்பனும் வெளிநாட்டவரே. வங்கி மூலம் அனுப்பியதற்குப் பற்றுச்சீட்டு இருக்கும், உண்டியலில் அனுப்பியதற்கு எதைக் காட்டுவது? பெற்றோர் இதைப் பிள்ளைகளோடு இப்போதே பேசிக்கொள்ள வேண்டும்.

குறைகளும் உண்டு. அறிக்கைகள் நீளமானவை, மூன்றின் அமைப்பும் வேறுவேறு. ஒருவரின் கடன் நம்பகத்தை ஓர் எண்ணால் காட்டும் கடன் புள்ளி தரப்படுவதில்லை, இத்தேவைக்கு அது பெரிய இழப்பல்ல. ஓர் அறிக்கையில், கட்டி முடித்த கடனட்டைக் கணக்கொன்று நிலுவை என்றே இருந்தது. பிழையை முறையிட்டால் பணியகம் பொதுவாக 30 நாட்களுக்குள் விசாரிக்க வேண்டும் என்பது சட்டம். மருமகன் கட்டிய சான்றுகளை இணைத்து முறையிட்டார், அது திருத்தப்பட்டது. வேலையில்லாதிருந்த காலத்தில் உண்மையாகவே பிந்திய இன்னொரு கடனை, அந்த மாதங்களையும் கட்டி முடித்த திகதியையும் குறிப்பிட்டு, படிவத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.