கிளைசின் பவுடர்: ஒரு டப்பா தீர்ந்த பிறகு

முதலில் ருசியைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற அமினோ அமிலப் பவுடர்களைக் குடித்தவர்களுக்கு அதுதான் பெரிய பயம். கிளைசின் ஓர் அமினோ அமிலம், அதாவது புரதங்கள் கட்டப்படும் சின்னத் துணுக்குகளில் ஒன்று. இது இனிக்கும். சர்க்கரையைவிடக் கொஞ்சம் மட்டான தித்திப்பு, தண்ணீரில் போட்டுக் கலக்கினால் உடனே கரைந்துவிடும், கசப்போ நாற்றமோ கிடையாது. 1820ல் ஹென்றி பிரகோனோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர் ஜெலட்டினிலிருந்து இதைப் பிரித்தெடுத்தபோது ‘ஜெலட்டின் சர்க்கரை’ என்றுதான் பெயர் வைத்தார்.

நான் வாங்கியது தூக்கத்துக்காக. படுத்ததும் தூங்கிவிடுவேன், ஆனால் இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் முழிப்பு தட்டும், காலையில் தலை பாரமாக இருக்கும். படுக்கப்போகும் முன் 3 கிராம் கிளைசின் சாப்பிட்டவர்கள் நன்றாகத் தூங்கியதாகவும் மறுநாள் களைப்பு குறைந்ததாகவும் ஜப்பானில் நடந்த சில ஆய்வுகள் சொல்கின்றன. கை கால்களில் இரத்த ஓட்டம் கூடி உடம்பின் உள்சூடு லேசாக இறங்குவதுதான் காரணம் என்கிறார்கள், இதை எலிகளில் வைத்துக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் ஆய்வுகள் சிறியவை, அவற்றைச் செய்தவர்களில் பலர் அமினோ அமிலம் தயாரிக்கும் அஜினோமோட்டோ நிறுவனத்துக்காரர்கள். இதையும் தெரிந்துகொண்டே வாங்குங்கள்.

எனக்கு என்ன ஆயிற்று? சீக்கிரம் தூக்கம் வரவில்லை, முழிப்பும் முழுதாக நிற்கவில்லை. ஆனால் முழித்தால் திரும்பத் தூங்க முடிந்தது, இரண்டாவது வாரத்திலிருந்து காலைத் தலைபாரம் தெளிவாகக் குறைந்தது. அதே சமயத்தில் இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்கு முன்னால் நகர்த்தியிருந்தேன் என்பதால் முழுப் பெருமையையும் பவுடருக்குக் கொடுக்க மாட்டேன். இடையில் அளவைக் கூட்டி 9 கிராம் எடுத்துப் பார்த்தேன், வயிறு கலக்கியது, கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. எங்கள் வீட்டு டீஸ்பூனில் முக்கால் ஸ்பூன் 3 கிராம் வருகிறது, தராசில் வைத்துப் பார்த்தேன்.

தூக்கத்தை விட்டால் இதன் பெரிய வேலை கொலாஜனில். தோல், எலும்பு, மூட்டுச் சவ்வு எல்லாவற்றிலும் இருக்கும் அந்தப் புரதத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு மூன்றாவது கண்ணியும் கிளைசின்தான். மூன்று இழைகள் முறுக்கிக்கொள்ளும் இடத்தின் நடுவே இவ்வளவு சின்ன அமினோ அமிலத்துக்குத்தான் இடம் இருக்கிறது. உடம்பே இதைத் தயாரித்துக்கொள்ளும், ஆட்டுக்கால் சூப்பிலும் தாராளமாக உண்டு. ஆகவே பவுடர் இல்லாவிட்டால் மூட்டு தேய்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஜிம்முக்குப் போகிறவர்கள் தசை வளர இதை வாங்க வேண்டாம், அதற்கு லியூசின் என்ற இன்னொரு அமினோ அமிலம் நிறைந்த பால் புரதம்தான் சரி.

இப்போது குறை. நான் வாங்கிய டப்பாவில் அளவு ஸ்பூன் இல்லை, உள்மூடி பாதி பிரிந்து வந்திருந்தது, பவுடர் ஓரத்தில் கட்டி தட்டியிருந்தது. அதைவிட என்னை எரிச்சலாக்கியது, லேபிளில் பெரிய எழுத்தில் ‘தூய எல்-கிளைசின்’ என்று போட்டிருந்ததுதான். புரதங்களில் இருக்கும் மற்ற அமினோ அமிலங்களுக்கு எல், டி என்று இடக்கை வலக்கை மாதிரி இரண்டு வடிவம் உண்டு, கிளைசினுக்கு மட்டும் அப்படி எதுவும் கிடையாது. இல்லாத ஒன்றைச் சிறப்பு என்று சொல்லி விற்கிறவர்கள் மற்ற விஷயத்தில் எப்படி இருப்பார்கள் என்ற சந்தேகம் வந்துவிட்டது.

கேப்ஸ்யூல் வாங்காதீர்கள். 500 மில்லிகிராம் கேப்ஸ்யூல் என்றால் ஒரு இரவுக்கு ஆறு விழுங்க வேண்டும், இனிக்கிற பவுடருக்கு எதற்கு அந்தச் செலவு. 250 கிராம் டப்பா எண்பது நாளுக்கு மேல் வரும். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள், சேர்மானத்தில் கிளைசின் என்ற ஒரே பெயர் இருந்தால் போதும்.

ஒன்று முக்கியம். குளோசபின் என்ற மனநல மருந்து சாப்பிடுகிறவர்கள் இதைத் தொடவே வேண்டாம், அந்த மருந்தின் வேலையைக் கிளைசின் குறைக்கக்கூடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்கக் கூடாது.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன், பவுடருக்கு. அந்த டப்பாவுக்கு இரண்டுதான். அடுத்ததை வேறு கம்பெனியில் வாங்கிவிட்டேன், அதில் வெறும் ‘கிளைசின்’ என்றுதான் எழுதியிருக்கிறது.