தேயிலைப் பணம் யார் கையில் சேர்கிறது? இரண்டு அட்டவணைகளும் ஒரு கேள்வியும்

இலங்கைத் தேயிலைக்கு வெளிநாட்டில் கிராக்கி கூடினால், வரும் பணம் நாட்டுக்குள் யார் யாருக்குப் போகும்? தேசியக் கணக்குகளைக் கொண்டு இதற்கு விடை தேடுபவர்கள் முதலில் எடுப்பது பொருளியலாளர் லியோன்டீஃபின் உள்ளீட்டு வெளியீட்டு அட்டவணையை. எந்தத் தொழில் எந்தத் தொழிலிடம் எவ்வளவு வாங்குகிறது என்று காட்டுவது அது. தேயிலையின் நிரலில் உரம், பெட்டி, லாரி வாடகை எல்லாம் தொழில்வாரியாக இருக்கும். கூலியும் லாபமும் அடியில் வரும். கணக்கு அதோடு நின்றுவிடும். கூலி வாங்கியவர் அதில் என்ன வாங்கினார் என்பது அதன் கவலையில்லை. குடும்பங்களையும் ஒரு தொழில்போல உள்ளே சேர்க்கலாம்தான். ஆனால் கொழும்பு வியாபாரியும் ஹட்டனில் கொழுந்து பறிப்பவரும் ஒரே குடும்பமாகிவிடுவார்கள்.

இரண்டாவது அட்டவணையான சமூகக் கணக்கீட்டு அணி வேறுபடுவது இங்கேதான். தொழில்களோடு குடும்பங்களுக்கும் தனித்தனிக் கணக்கு வைத்து, ஒவ்வொன்றின் வரவை நிரையிலும் செலவை நிரலிலும் எழுதுவது அது. 1970ஆம் ஆண்டு இலங்கைக்காகப் பொருளியலாளர்கள் கிரஹாம் பியாட்டும் ஆலன் ரோவும் தயாரித்து 1977இல் வெளியிட்ட அணியில் குடும்பங்கள் நகரம், கிராமம், தோட்டம் என மூன்றாகப் பிரிந்தன. தோட்டக் கூலி தோட்டக் குடும்பத்துக்குப் போய், அரிசிக்கும் கடைக்கும் செலவாகி, அதில் ஒரு பங்கு கிராமத்தின் வருமானமாகிறது. தோட்டக் குடும்பங்களில் பெரும்பாலானவை மலையகத் தமிழருடையவை. அவர்களின் வரவும் செலவும் நாட்டுச் சராசரியில் கரையாமல் தனியே தெரிகின்றன.

இதற்குக் கொடுக்க வேண்டிய விலையும் பெரிது. ஒவ்வொரு கணக்கிலும் நிரைக் கூட்டுத்தொகையும் நிரல் கூட்டுத்தொகையும் சமமாக வேண்டும். செலவு ஆய்வில் மக்கள் சொன்ன தொகையோ தேசியக் கணக்கின் நுகர்வோடு பொருந்துவது அபூர்வம். பலரும், கூட்டுத்தொகைகள் பொருந்தும்வரை நிரைகளையும் நிரல்களையும் மாறி மாறி விகிதப்படி கூட்டிக் குறைக்கும் 'ராஸ்' முறையைக் கணினியில் ஓட்டிச் சமன் செய்துவிடுகிறார்கள். நம்பகமான எண்ணா, ஊகமா என்று அது பார்ப்பதில்லை. நம்பகத்துக்கேற்ப எடை கொடுத்துத் திருத்தும் வழியைப் பொருளியலாளர்கள் ஸ்டோன், சாம்பர்னௌன், மீட் மூவரும் 1942இலேயே காட்டிவிட்டார்கள்; சோம்பல்தான் தடை.

இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு: விலை மாறாது, கேட்டால் சரக்கு வந்துவிடும் என்ற அனுமானம். தேயிலைச் செடி நட்டுக் கொழுந்தெடுக்கச் சில ஆண்டுகளாகும். 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தபோது அடி விழுந்ததும் உற்பத்தியில்தான், கிராக்கியில் அல்ல. அதைக் கணக்கிட, எல்லாச் சந்தைகளையும் சேர்த்துப் பார்க்கும், விலைகள் அசையும் பொதுச் சமநிலை மாதிரி வேண்டும். அதற்கும் அடித்தளம் இந்த அணியே. 2022இன் கடன் நெருக்கடிக்கு இவை போதா. யார் யாருக்குக் கடன் என்பது நிதிப் பாய்ச்சல் கணக்கின் வேலை.

உரமும் லாரியும் மட்டும் கேள்வி என்றால் உள்ளீட்டு வெளியீட்டு அட்டவணையே போதும். கூலி யாருக்கு என்று கேட்டால், புதிய அட்டவணையைவிடப் பத்தாண்டு பழைய அணியையே நான் எடுப்பேன்.