ஊரில் தைராய்டு டெஸ்ட்: எல்லாம் கேட்டார்கள், மாத்திரையைத் தவிர

ஊரில் தைராய்டு டெஸ்ட் எடுப்பது அவ்வளவு சுலபம். டாக்டர் சீட்டு வேண்டாம், போன் செய்தால் விடிகாலையில் வாசலில் ஆள், சாயங்காலம் ரிப்போர்ட். நாங்கள் இருக்கும் நாட்டில் குடும்ப மருத்துவரிடம் நேரம் கிடைப்பதற்குள் கைக்குழந்தை தவழ ஆரம்பித்துவிடும். கிடைத்தாலும், பிள்ளை பெற்றவளுக்குக் களைப்பு இருக்கத்தானே செய்யும் என்று அனுப்பிவிடுவார்கள். அந்த எரிச்சலில் வந்தவர்களுக்கு இது சொர்க்கம்தான்.

ஆனால் பிரசவமாகிச் சில மாதமே ஆன தங்கைக்கு ரத்தம் எடுக்க வந்தவர் வெறும் வயிறா என்று கேட்டார் (தைராய்டுக்கு அது கட்டாயமே இல்லை), போன் நம்பரை ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்த்தார், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை. முடி உதிர்வு மாத்திரை அட்டை மேஜை மேலேயே கிடந்தது.

பிரசவமான சில மாதத்தில் முடி கொட்டுவது சகஜம். அதற்கு வாங்கும் மாத்திரைகள் பலவற்றில் பயோட்டின் என்ற பி வைட்டமின் 5 அல்லது 10 மில்லிகிராம் இருக்கும். பால் கொடுக்கும் தாய்க்கு ஒரு நாள் தேவையோ சுமார் 35 மைக்ரோகிராம்தான். பல லேப் கருவிகள் பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும் ஒட்டிக்கொள்வதை வைத்தே ஹார்மோனை அளக்கின்றன. ரத்தத்தில் பயோட்டின் மிதந்தால் கணக்குக் குழம்பி, டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) பொய்யாகக் குறையும், ஃப்ரீ டி4 (தைராய்டு ஹார்மோனில் ரத்தப் புரதத்தோடு ஒட்டாத பகுதி) பொய்யாகக் கூடும். தைராய்டை அளவுக்கு மீறிச் சுரக்க வைக்கும் கிரேவ்ஸ் நோயைக் காட்டும் டிஆர்ஏபி ஆன்டிபாடிகூட ஏறித் தெரியலாம். உடம்பு மந்தம், மலச்சிக்கல், குளிர் தாங்கவில்லை என்று தங்கை ஒரு பக்கம் சொல்ல, ரிப்போர்ட் மட்டும் ஹைப்பர், அதாவது தைராய்டு அதிகம் என்றது. டாக்டரும் காகிதத்தைப் பார்த்தே, தைராய்டு சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் எழுதினார். பயோட்டினை நிறுத்தி, இரண்டு நாளாவது இடைவெளி விட்டு எடுத்த ரத்தத்தில் எல்லாம் தலைகீழ்: டிஎஸ்எச் மேலே, ஃப்ரீ டி4 கீழே, அதாவது ஹைப்போ, தைராய்டு குறைவு. ஒரே ஒரு கேள்வி, அதைக் கேட்க எத்தனை வினாடி ஆகும்?

சரி, நிஜமாகவே ஹைப்பராக இருந்தாலும் கார்பிமசோலுக்கு அவசரப்படக் கூடாது. பிரசவத்துக்குப் பிந்தைய தைராய்டு அழற்சியில் சுரப்பி சிதைந்து, சேமித்து வைத்த ஹார்மோன் கசிகிறது. புதிதாகச் சுரப்பதைத் தடுக்கும் மாத்திரை அங்கே என்ன செய்யும்? படபடப்பு அதிகமானால் அதைத் தணிக்கும் ப்ரோப்ரனலால் மாத்திரை போதும். பெரும்பாலும் முதல் சில மாதத்தில் இந்த ஹைப்பர் கட்டம், நான்காவது மாதத்திலிருந்து எட்டாவது மாதத்துக்குள் ஹைப்போ. பலருக்கு ஒரு வருடத்துக்குள் சரியாகிவிடும், சிலருக்கு ஹைப்போ நிரந்தரமாகத் தங்கிவிடும். தைராய்டுக்கு எதிராக உடம்பே உண்டாக்கும் டிபிஓ ஆன்டிபாடி உள்ளவர்களுக்கும் டைப் 1 சர்க்கரை உள்ளவர்களுக்கும் இந்த அழற்சி வர வாய்ப்பு அதிகம். கிரேவ்ஸா என்று சந்தேகம் வந்தால் டிஆர்ஏபி பார்க்கலாம். பால் கொடுக்கும்போது கதிரியக்க அயோடின் ஸ்கேன் கூடாது.

பேக்கேஜ் என்று தள்ளிவிடுவதில் பெரும்பாலும் மொத்த டி3, மொத்த டி4, டிஎஸ்எச் மட்டும் இருக்கும். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் மொத்த அளவு தானாக ஏறும். அதனால் ஃப்ரீ டி4, டிபிஓ இரண்டையும் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

ஹைப்போவுக்குக் கொடுக்கும் தைராய்டு ஹார்மோன் மாத்திரையான லெவோதைராக்சின் ஆரம்பித்தால் காலையில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிட வேண்டும். காபியும் அதற்குப் பிறகுதான். பிரசவத்துக்குப் பின் கொடுக்கும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி விடாவிட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. டோஸ் மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்தே மறு டெஸ்ட், அதுவும் அன்றைய மாத்திரைக்கு முன்.

ரிப்போர்ட்டை வெளிநாட்டு டாக்டரிடம் காட்டும்போது அலகைப் பாருங்கள். ஊரில் ஃப்ரீ டி4 நானோகிராம்/டெசிலிட்டரில் இருக்கும், பல நாடுகளில் பிகோமோல்/லிட்டர். 12.87 ஆல் பெருக்கினால் 1.0 என்பது சுமார் 12.9 ஆகும். டிபிஓ எண்ணை மட்டும் லேப் விட்டு லேப் ஒப்பிட வேண்டாம், அந்தந்த லேப் போட்டிருக்கும் வரம்போடுதான் பார்க்க வேண்டும்.